மலையில் ஓடும் பழைய பிக்கப்: சொந்தமாகப் பழுது பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் பலரும் காலப்போக்கில் பாதி மெக்கானிக்காகவே ஆகிவிடுகிறார்கள். முத்தோரை பாலாடாவிலோ கேத்தியிலோ கேரட் மூட்டை ஏற்ற வேண்டிய நாளில் ஒரு புஷ் தேய்ந்துபோனால், அதற்காகக் கோவை வரை இறங்கிப்போய்க் காத்திருக்க யாருக்கும் பொழுதில்லை; ஆகவே கையில் இருக்கும் ஸ்பேனரையும் பக்கத்துப் பட்டறையின் வெல்டிங்கையும் நம்பி வேலையை முடித்துக்கொள்கிறார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இப்படிச் செய்யப்படும் மாற்றங்களில் பெரும்பாலானவை வண்டி இன்னும் கொஞ்சம் பாரம் இழுக்க வேண்டும், மேடு ஏற வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் செய்யப்படுகின்றன. அந்த மாற்றம் இறக்கத்தில் என்ன செய்யும் என்று யாரும் கேட்பதில்லை.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காய்கறி போய்ச் சேரும் மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 300 மீட்டரில் இருக்கிறது. பாரத்தோடு 3 டன் எடையுள்ள வண்டி இந்த உயரத்தை இறங்கும்போது வெளிவரும் ஆற்றல், சுமார் 150 லிட்டர் குளிர்ந்த நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியை டயரின் உராய்வும் எதிர்க்காற்றும் வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதையும் கியரில் இருக்கும் இன்ஜினும் நான்கு சக்கரத்து பிரேக்கும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்த வேலையை வீட்டு வாசலில் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

மிகச் சாதாரணமாகச் செய்யப்படுவதும் மிகக் குறைவாக யோசிக்கப்படுவதும் எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்ப்பதுதான். பாரம் ஏற்றினால் பின்பக்கம் உட்காருகிறது என்று ஒன்றோ இரண்டோ பட்டைகளைச் சேர்க்கிறார்கள். பல பிக்கப்களில் பின் அச்சுக்கு மேலே, சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) ஒரு சிறு வால்வு பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்கு இறங்கும். பாரம் ஏறி சேசிஸ் தாழும்போது அந்தக் கம்பி நகர்ந்து, பின் சக்கரங்களுக்குக் கூடுதல் பிரேக் அழுத்தத்தை அனுப்பும். வண்டி காலியாக உயர்ந்து நிற்கும்போது அழுத்தத்தைக் குறைக்கும். பட்டை சேர்த்த பிறகு, முழுப் பாரம் ஏற்றினாலும் சேசிஸ் முன்புபோல் தாழ்வதில்லை. வண்டி காலியாக இருக்கிறது என்றே வால்வு எடுத்துக்கொள்கிறது. பின் பிரேக் பாதி வேலை செய்ய, முன் பிரேக்குகள் சுமை முழுவதையும் தாங்கிச் சூடேறி, குன்னூர் தாண்டியதும் பிரேக் மிதி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காத நிலை வருகிறது. உரிமையாளரோ உராய்ந்து சக்கரத்தை நிறுத்தும் பிரேக் லைனரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. அந்தக் கம்பி துருப்பிடித்து உடைந்துபோனதும், வால்வைக் கம்பியால் இழுத்துக் கட்டியோ, வால்வையே எடுத்துவிட்டுக் குழாயை நேராக இணைத்தோ விடுகிறார்கள். அப்போது பின் பிரேக்குக்கு எந்நேரமும் முழு அழுத்தம் போகும். பாரத்தை இறக்கிவிட்டுத் தூறலில் காலி வண்டியாகத் திரும்பும்போது, லேசாக மிதித்தாலே பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் பக்கம் வீசும். ஆகவே ஸ்பிரிங்கில் கை வைத்தால், அந்த வால்வின் கம்பியையும் தயாரிப்பாளர் கையேட்டில் உள்ள அளவுப்படி மறுபடி சரிசெய்ய வேண்டும். இரண்டும் ஒரே வேலையின் இரு பாதிகள்.

பட்டை சேர்ப்பதில் சிறு விஷயங்களும் இருக்கின்றன. கூடுதல் பட்டையின் தடிமனுக்கு ஏற்ப ஸ்பிரிங்கை அச்சோடு இறுக்கும் யு-போல்ட்டும் நீளமானதாக வேண்டும்; பழைய போல்ட்டையே மாட்டினால் நட்டின் கடைசிச் சில மரைகள் காலியாக நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கழற்றிய யு-போல்ட் ஏற்கெனவே இழுபட்டு நீண்டிருக்கும் என்பதால் புதிதாகவே வாங்க வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மீண்டும் முறுக்கவும் வேண்டும். பின் சக்கரத்துக்குப் போகும் ரப்பர் பிரேக் ஹோஸ் விறைப்பாக இழுபட்டு நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உடைந்த பட்டையை வெல்டிங் வைத்து ஒட்டுவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. ஸ்பிரிங் எஃகின் குணமே அதற்குக் கொடுத்த வெப்பப் பதத்தில் இருக்கிறது. வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும்.

பிரேக் ஆயிலை ‘குறைந்தால் ஊற்றுவது’ என்று மட்டும் நினைப்பது அடுத்த தவறு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. மாதக்கணக்கில் மழையும் மூடுபனியும் நிற்கும் மலையில் இதை அலட்சியப்படுத்த முடியாது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரி ஆகிவிடும். டாட் 4 வகைக்கு இவை 230, 155. நீண்ட இறக்கத்தில் வீல் சிலிண்டர் அருகே ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால், மிதி அடிவரை போகும், பிரேக் இருக்காது. வண்டி குளிர்ந்தபின் பட்டறைக்குக் கொண்டுபோனால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும், அதுதான் இதில் ஏமாற்று. நல்ல ஆயில் தெளிவான இளமஞ்சளாக இருக்கும்; டப்பாவில் டீ டிகாக்‌ஷன் நிறம் தெரிந்தால் காலம் கடந்துவிட்டது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றிவிடுவது நல்லது. பாதி தீர்ந்து திறந்தே கிடந்த பாட்டிலிலிருந்து ஊற்றுவதும், அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றுவதும் கூடாது. பின்னது ரப்பர் வாஷர்களை உப்பவைத்து, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரம் வரை அத்தனையையும் மாற்றும் செலவில் கொண்டுபோய் விடும்.

சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்மை லேத்தில் கடைசல் பிடிப்பவர்கள், அதன் மேலேயே அதிகபட்ச விட்டம் வார்க்கப்பட்டிருப்பதைக் கவனிப்பது அரிது. அந்த அளவைத் தாண்டிய டிரம்மில் இரும்பு குறைவு, சூட்டைத் தாங்கும் திறனும் குறைவு. ஒரே அச்சின் இரு டிரம்களையும் ஒரே அளவுக்குக் கடைய வேண்டும் என்பதும் அடிக்கடி மறக்கப்படுகிறது. ஹப் சீல் கசிந்து ஆயில் குடித்த லைனரைப் பெட்ரோலில் கழுவி, நெருப்பில் காட்டி மறுபடி மாட்டும் வழக்கம் ஒன்று இருக்கிறது. சூடேறியதும் உள்ளே ஊறிய ஆயில் மீண்டும் மேலே வரும். லைனரையும் சீலையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் (வெற்றிடம்) தரும் பம்ப், டைனமோவின் பின்னாலேயே இருக்கும். அத்தகைய வண்டியில் ஃபேன் பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டும் போவதில்லை; பூஸ்டரின் துணையும் சில மிதிகளில் தீர்ந்து, மிதி கல்லாகிவிடும். ஊட்டியின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்குதான் என்பதால், பூஸ்டருக்கு இங்கே ஏற்கெனவே பலம் குறைவு. ஆகவே பெல்ட்டை முடிச்சுப்போட்டும் இழுத்துக்கட்டியும் ஓட்டுவது, சமவெளியில் எப்படியோ, இங்கே பிரேக்கோடு விளையாடுவதாகும். டீசலை மிச்சப்படுத்த இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் இறக்குபவர்களுக்கும் இதே விளைவுதான்.

‘குளிர் ஊர்தானே’ என்று இன்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாத தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு, ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றுவது இன்னொரு பழக்கம். குளிர் ஊர் என்பதால்தான் அந்த வால்வு வேண்டும். அது இல்லாவிட்டால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வரவே நேரமெடுக்கும். எரியாத டீசல் ஆயிலில் கலக்கும், தேய்மானமும் புகையும் கூடும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழும் தாழ்வான இடங்களில் இரவு நிற்கும் வண்டிக்கு வெறும் தண்ணீர் ஆபத்து. ஏற்றத்திலும் அது கைகொடுக்காது, ஏனெனில் இந்த உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் 93 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். கூலன்ட் கலவையும், அழுத்தம் பிடிக்கும் நல்ல ரேடியேட்டர் மூடியும் இருந்தால் இரண்டு கவலையும் இல்லை.

சொந்தமாகச் செய்வித்துக்கொள்ளும் பாகங்களைப் பொறுத்தவரை, லேத்தில் கடைந்த ஷேக்கிள் புஷ், பின், கதவுக் கீல், பாரம் ஏற்றும் தொட்டியின் கொக்கி ஆகியவற்றில் பெரிய ஆபத்தில்லை. நல்ல கடைசல்காரர் கம்பெனிப் பொருளைவிடத் திருத்தமாகவே செய்து தருவார். ஸ்டீயரிங் ராடு, அதன் முனை, முன் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிள் ஆகியவற்றைக் கடைந்தோ வெல்டிங் வைத்தோ பயன்படுத்துவது வேறு கதை. அவை உடைந்தால் கொண்டை ஊசி வளைவில் திருப்ப எதுவும் மிஞ்சாது. போல்ட்டிலும் இதே கவனம் வேண்டும். தலையில் 8.8 என்று குறித்த போல்ட்டின் இழுவலிமை, வன்பொருள் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 4.6 ரகத்தைப்போல் இரு மடங்கு. ஒரே தடிமன், ஒரே மரை என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது.

கூடுதல் கம்பி, ஏணி, உயர்ந்த அடைப்பு பொருத்த சேசிஸின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடுவதையும் குறுக்கே வெல்டிங் வைப்பதையும் தவிர்க்க வேண்டும். வளையும் விசை முழுவதும் அந்த விளிம்புகளில்தான் ஓடுகிறது. நடுப் பக்கவாட்டில் ஏற்கெனவே உள்ள துளைகளைப் பயன்படுத்தலாம். வெல்டிங் செய்யும் முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும். எர்த்தைப் பற்றவைக்கும் இடத்துக்கு அருகிலேயே கொடுக்க வேண்டும், இல்லையேல் மின்னோட்டம் சக்கர பேரிங் வழியே போய் அதைப் பொரியவைக்கும்.

தொட்டியின் துருவுக்கு மேலே பட்டி பூசுவதும், புதுத் தகடு அடிப்பதும் நீரை உள்ளே பூட்டிவைக்கும் வேலை. கழுவிய கேரட் மூட்டையிலிருந்து வழியும் தண்ணீரும் பொட்டாஷ் உரத்தின் உப்பும் அந்த இடுக்கில் தங்கிவிடும். நல்ல தகடு வரும்வரை வெட்டியெடுத்து, ப்ரைமர் பூசி, மூலைகளில் நீர்வழித் துளைகளைத் திறந்தே விட வேண்டும். விளக்குகள் விஷயத்தில் ஒன்று போதும்: கூடுதல் விளக்குகளுக்கு ரிலேயும் ஃபியூஸும் வேண்டும், வெள்ளை எல்.இ.டி. பல்பைப் பழைய ரிஃப்ளெக்டருக்குள் மாட்டினால் மூடுபனியில் எதிரே வெண்சுவர்தான் தெரியும்.

எந்த மாற்றத்துக்கும் சட்டப் பக்கம் ஒன்று உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது மட்டும் கழற்றிவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்வது பலரின் தந்திரம். விபத்துக்குப் பின் வரும் காப்பீட்டு ஆய்வில் அது செல்லாது.

சரிவில் ஜாக்கி வைப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். ஒரு பின் சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. எழுந்த சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையிலுள்ளது மறுபக்கம் உருளும். ஹேண்ட் பிரேக் புரொப்பெல்லர் ஷாஃப்டில் இருக்கும் பழைய ஜீப் வகைகளில் அந்த பிரேக்கும் அதேபோல் பயனற்றுப்போகும். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்காமல் ஜாக்கியைத் தொடவே கூடாது. வண்டிக்கு அடியில் போவதென்றால் ஸ்டாண்ட் வேண்டும்.

பிரேக் வேலை முடித்த வண்டியை முழுப் பாரத்தோடு நேரே இறக்கிவிடாமல், முதலில் சமதரையிலும் பிறகு குறைந்த பாரத்திலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பர்லியார் அருகே நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் தொடாமல் கையை நீட்டிப் பார்த்தால், எந்தச் சக்கரம் மட்டும் அனலாக இருக்கிறது, எது வேலையே செய்யாமல் குளிர்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். அனலாக இருப்பதன்மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது, வார்ப்பிரும்பு வெடிக்கும். ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து வைக்கக்கூடாது, சூட்டில் விரிந்த டிரம் ஆறிச் சுருங்கும்போது உள்ளே லைனரைத் தாங்கும் ஷூவோடு இறுகிக்கொள்ளும். கியரில் போட்டு, நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்துவிட்டு, தானாக ஆறும்வரை நிற்க வேண்டியதுதான்.