பழைய லாரிக்கு ஸ்பேர் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டு டாடா 1210 லாரியைப் பிரித்த வாரத்தில், துருப்பிடித்த சாமான்களையெல்லாம் சாக்கில் கட்டிக் காயலான் கடையில் போட்டுவிட்டோம். எப்படியும் புதுசு வாங்கப் போகிறோம், இது எதற்கு என்ற எண்ணம். மூன்று மாதம் கழித்து கதவுக் கீல் கேட்டுப் போனபோது கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "சாம்பிள் கொண்டாந்தீங்களா?" கையை விரித்துக் காற்றில் அளவு காட்டினேன். அவர் பொறுமையாக, "அண்ணே, இப்படிக் காட்டினா எதைன்னு எடுக்கறது?" என்றார்.

பழைய லாரியைச் சீர்செய்யும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: வண்டி ரோட்டில் ஓடும்வரை ஒரு துண்டு இரும்பைக்கூட வெளியே அனுப்பாதீர்கள். பாதியாக உடைந்த பொருளிலும் ஓட்டைக்கும் ஓட்டைக்கும் உள்ள தூரம், கனம், மரையின் அளவு எல்லாம் இருக்கும். கழற்றுவதற்கு முன் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். கழற்றியதைப் பையில் போட்டு, எந்த இடத்துப் பொருள் என்று சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள். வாஷர் எந்த வரிசையில் இருந்தது என்பதும் அந்தச் சீட்டில் இருக்கட்டும்.

அடுத்த தவறு, வண்டியின் பெயரை மட்டும் சொல்லிப் பொருள் கேட்பது. 1210 என்ற எண் ஏறக்குறைய 12 டன் மொத்த எடை, 100 குதிரைத்திறன் என்பதைக் குறிக்கும் பெயர்தான். உள்ளே எந்த எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது என்று அது சொல்லாது. டாடா 692 என்றால் ஆறு சிலிண்டர், 92 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்). 697 என்றால் அதே ஆறு சிலிண்டர், ஆனால் 97 மில்லிமீட்டர். ஒன்றின் பிஸ்டன் மற்றதற்குப் போகாது. லேலண்டில் கணக்கே வேறு. 370, 400 என்பவை கன அங்குலத்தில் எஞ்சினின் கொள்ளளவு. நாற்பது வருடம் ஓடிய லாரி எத்தனையோ பட்டறை பார்த்திருக்கும். கியர்பாக்ஸ் ஒரு வண்டியிலிருந்தும் ஆக்ஸில் இன்னொரு வண்டியிலிருந்தும் வந்திருக்கலாம். அதனால் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து ஆர்டர் கொடுக்காமல், மண்ணும் கிரீஸும் சுரண்டி, வார்ப்பிலேயே இருக்கும் எண்ணைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள்.

எஞ்சின் வேலையில் பணம் வீணாவது கிராங்க் பேரிங்கில்தான். பிரித்தவுடன் ஸ்டாண்டர்ட் அளவில் புது செட் வாங்கி வைத்துவிடுகிறார்கள். முன்பே யாராவது கிராங்கைக் கிரைண்டிங் செய்து, அதாவது தேய்த்து மெலிதாக்கியிருந்தால் அந்த செட் உதவாது. கழற்றிய பழைய ஷெல்லை (பேரிங்கின் அரைவட்டத் தகடு) திருப்பி, முதுகைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கிரைண்டிங் நடந்திருந்தால் மில்லிமீட்டரில் 0.25, 0.50, 0.75 என்று சின்னதாக ஒரு எண் பொறித்திருக்கும். அங்குலக் கணக்கில் வந்த எஞ்சின் என்றால் 010, 020, 030 என்று இருக்கும். அதற்கு முன் எந்த அளவுக்குக் கிரைண்டிங் நடந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அதன்பிறகு லேத்துக்காரர் மைக்ரோமீட்டர் வைத்து ஜர்னலை, அதாவது கிராங்கில் பேரிங் உட்காரும் இடத்தை, அளந்து சொல்லட்டும். வாங்குவது அதற்கு அப்புறம்தான்.

வீல் பேரிங், கியர்பாக்ஸ் பேரிங் போன்றவற்றை லாரி ஸ்பேர் கடையில் தேடி அலைய வேண்டிய அவசியமே பெரும்பாலும் இருக்காது. பேரிங்கின் விளிம்பில் எண் இருக்கும். உதாரணமாக 6308 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள், உள்விட்டம் 40 மில்லிமீட்டர். வெளிவிட்டம் 90, அகலம் 23. உலகத்தில் யார் செய்தாலும் அதே அளவுதான். ஆயில் சீலும் அப்படியே, உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் சொன்னால் கிடைத்துவிடும். வண்டி எந்தக் காலத்தது என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை.

போல்ட் விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். டாடா லாரி ஜெர்மன் வழி வந்தது, மரை மில்லிமீட்டர் கணக்கு. பழைய லேலண்ட் காமெட் பிரிட்டன் வழி வந்தது, அங்குலக் கணக்கு. அங்குலத்திலும் விட்வொர்த், யுனிஃபைட் என்று தனித்தனிக் குடும்பங்கள் உண்டு. அரை அங்குல விட்வொர்த் போல்ட்டில் ஒரு அங்குலத்துக்கு 12 மரை. அதே அரை அங்குலம் யுனிஃபைட் கரட்டு மரையில் 13. கையால் திருகினால் இரண்டு மூன்று சுற்று ஏறும், பிறகு பிடிக்கும். "துரு இருக்கு, ஸ்பேனர் போடு" என்று இறுக்கினால் வார்ப்பிரும்பு பிளாக்கின் மரை கழன்றுவிடும். இருநூறு ரூபாய் மரை கேஜ் ஒன்றை வாங்கிப் பல்லோடு பல் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் அந்த போல்ட் வேண்டாம்.

இப்போது அந்தக் கதவுக் கீலுக்கு வருகிறேன். அது எந்தக் கடையிலும் கிடைக்காது என்று எனக்குப் புரியவே நாளானது. அந்தக் காலத்து லாரிகள் பெரும்பாலும் முகப்போடு கூடிய வெறும் சேஸாகத்தான் கம்பெனியிலிருந்து வந்தன. கேபினும் பாடியும் நாமக்கல் போன்ற ஊர்களில் ஆசாரிகளும் வெல்டர்களும் மரமும் தகடும் வைத்துக் கட்டியவை. ஒரு பட்டறைக் கதவு இன்னொரு பட்டறைக் கேபினில் பொருந்தாது. "கம்பெனி கதவு", "ஒரிஜினல் கண்ணாடி" என்று தேடுவது நேரத்துக்குக் கேடு. கதவுச் சட்டத்தில் மிஞ்சியிருந்த ஆறு ஓட்டைகளின் மேல் அட்டை வைத்து, பென்சிலால் தடவி அச்செடுத்து, அந்த அட்டையைக் கொல்லுப்பட்டறையில் கொடுத்தேன். இரண்டே நாளில் கீல் வந்தது. கண்ணாடிக்கும் இதே அட்டை வழிதான்.

பிரிக்காத பழைய பாக்கெட் கிடைத்தால் எல்லோருக்கும் ஆசை வரும். எனக்கும் வரும். இரும்புப் பொருள் என்றால் தாராளமாக வாங்குங்கள். ரப்பர் என்றால் வேண்டாம். வீல் சிலிண்டர் கப், பிரேக் ஹோஸ், டயஃப்ரம் எல்லாம் பாக்கெட்டுக்குள்ளேயே வயதாகிவிடும். பார்க்கப் புதுசாக இருக்கும், மடக்கினால் மயிரிழை வெடிப்பு தெரியும். பிரேக் ரப்பர் புதுத் தயாரிப்பாகவே இருக்கட்டும். அதைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவாதீர்கள், ஊறிப் பருத்துவிடும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம்.

வீல் ரிம் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். 9.00-20 டயர் மாட்டும் பழைய ரிம்களில் டயரைக் கழலாமல் பிடிக்கும் லாக் ரிங் தனியாக வரும். ஒரு கம்பெனி ரிம்முக்கு வேறொரு கம்பெனி ரிங்கைத் தட்டி உட்கார வைப்பது உயிரோடு விளையாடுவது. நூறு பவுண்டு அளவுக்குக் காற்று ஏறும்போது அந்த ரிங் தெறித்தால் எதிரே நிற்பவர் பிழைப்பது அரிது. ரிம்மும் ரிங்கும் ஜோடியாகவே வாங்குங்கள். துரு தின்ற ரிங்கை, வளைந்த ரிங்கை, விலை மலிவு என்று தொடவே வேண்டாம். காற்றடிப்பதைக் கூண்டு வைத்திருக்கும் டயர் கடையில் செய்யுங்கள்.

கிடைக்காத புஷ், பின், ஸ்பேசர் எல்லாவற்றையும் லேத்தில் கடைந்துகொள்ளலாம், தவறில்லை. முன்சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் ஆர்ம், டிராக் ராடு, நக்கிள் ஆகியவற்றைக் கடைவதோ வெல்டு வைப்பதோ கூடாது. அவை அடித்து உருவாக்கிய எஃகு. விரிசல் இல்லாத இன்னொன்று கிடைக்கும்வரை வண்டி நிற்கட்டும்.

சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடப் போகிறவர்கள் முழு எஞ்சின் வாங்குவதாக இருந்தால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். எஞ்சின் எண் ஆர்.சி.யில் இருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கிப் பதிவை மாற்ற வேண்டும். எண்ணைச் சுரண்டியிருந்தாலோ, மேலே புதுசாக வெட்டியிருந்தாலோ, எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். வெறும் பிளாக் மட்டும் வாங்கினாலும் இதே கதைதான், எண் பிளாக்கில்தான் இருக்கிறது.