பார்சியில் 'சிபாரிசு' செய்து நான் வாங்கிய திட்டு

தெஹ்ரானில் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த தம்பி, "வினை கடைசியில்தானே வருகிறது, பார்சி நமக்குச் சுலபம் அண்ணே" என்றார். பார்சி என்றால் இங்கே பேசும் பாரசீக மொழி. நானும் வந்த புதிதில் அதையேதான் சொன்னேன். உச்சரிப்புத் தடுமாற்றமெல்லாம் நாளடைவில் போய்விடும். மற்றவைதான் வம்பு.

பெயரைப் பிடித்து வினையை விடுவது

பார்சியில் ஏராளமான வினைகள் ஒரு பெயரும் ஒரு துணைவினையும் சேர்ந்தவை. 'தஸ்த்' என்றால் கை. 'தஸ்த் தாதன்', கை கொடுத்தல், கைகுலுக்குவது. 'தஸ்த் ஸதன்', கை அடித்தல், ஒன்றைத் தொடுவது. வால் மாறினால் பொருளும் மாறும்.

ஒருநாள் மேலதிகாரி கதவருகே நின்றபடியே, "பன்ஜா கார்தொன் காகஸ் செஃபாரெஷ் பெதெ" என்றார். 50 பெட்டி, காகிதம், சிபாரிசு. எல்லாம் நம்ம ஊர்ச் சொல் மாதிரியே இருக்கிறதே என்று எனக்கு ஒரே பூரிப்பு. 50 பெட்டி காகிதம் வாங்கலாம் என்று அழகாக ஒரு சிபாரிசுக் குறிப்பு எழுதி அவர் மேசையில் வைத்தேன். பத்து நாள் கழித்து, "காகிதம் எங்கே?" என்றார். அதற்குள் விலை ஏறியிருந்தது.

'செஃபாரெஷ் கர்தன்' (செய்தல்) என்றால்தான் சிபாரிசு. 'செஃபாரெஷ் தாதன்' (கொடுத்தல்) என்றால் ஆர்டர். 'தாதன்' கட்டளையில் 'பெதெ' ஆகிவிடும்; அதை நான் காதில் வாங்கவே இல்லை. சிபாரிசு செய், ஆர்டர் கொடு என்று தமிழிலும் அதே வினைகள்தானே! அதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. சொல்லை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறவர்களைப் பார்த்தாலும்தான். துணைவினையோடு சேர்த்து எழுதுங்கள்.

அடைமொழியை முன்னால் வைப்பது

வினை நம்மைப் போல; பெயர்த்தொடர் தலைகீழ். 'ஒதாக்' அறை, 'மொதீர்' மேலாளர், 'ஜதீத்' புதிய. 'ஒதாகெ மொதீரெ ஜதீத்' என்றால் புதிய மேலாளரின் அறை. 'ஒதாகெ ஜதீதெ மொதீர்' என்றால் மேலாளரின் புதிய அறை. சொற்களை இணைக்கும் ஒட்டாக வரும் அந்த 'எ'தான் எஸாஃபெ. எழுத்தில் பெரும்பாலும் காட்டமாட்டார்கள். காதால் பழக வேண்டியதுதான்.

தகராறு

"தெக்ரார் கொனீத்" என்றால் சண்டைக்கு அழைக்கவில்லை. திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள்.

சே-ஷம்பெ

'சே' என்றால் மூன்று. மூன்றாம் நாள்தான், ஆனால் திங்களிலிருந்து எண்ணிப் புதன் என்று நினைக்காதீர்கள். சனி 'ஷம்பெ', அதற்குப் பிறகு எண்ண வேண்டும். செவ்வாய்.

தோமானா, ரியாலா?

விலையைப் பேச்சில் தோமானில் சொல்வார்கள், தாளில் ரியாலில் எழுதுவார்கள். ஒரு தோமான் 10 ரியால். கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள்.