ஒரே நாளில் மூன்று துறை: குறிகட்டுவான், நெடுந்தீவு, நயினாதீவு

வெளிநாட்டிலிருந்தோ கொழும்பிலிருந்தோ நண்பர்கள் யாழ்ப்பாணம் வந்தால் முதலில் கேட்பது இதைத்தான்: "நெடுந்தீவும் நயினாதீவும் ஒரே நாளில் பார்க்க ஏலுமா?" ஏலும். ஆனால் எதை முதலில் பார்ப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நாங்கள் முதல் தடவை போனபோது, நயினாதீவு கிட்டத்தானே என்று முதலில் அங்கே போனோம். அம்மனைக் கும்பிட்டு, அன்னதானமும் சாப்பிட்டு ஆறுதலாகத் திரும்பி வந்தால், நெடுந்தீவுப் படகு எப்போதோ போய்விட்டிருந்தது. எட்டுப் பேர் துறையில் நின்று சோடா குடித்ததுதான் மிச்சம்.

1. மாதத்தைப் பாருங்கள்

மாசி முதல் சித்திரை வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று (தென்மேற்கிலிருந்து வீசுவது) தொடங்கினால் நெடுந்தீவுக் கடல் படகைத் தூக்கித் தூக்கிப் போடும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் வாடைக் காற்றும். காற்றுக் கடுமையான நாட்களில் சேவையையே நிறுத்திவிடுவார்கள். அதனால் முதல் நாள் மாலையே தீவுப் பக்கம் தெரிந்த யாரிடமாவது "நாளைக்குப் படகு ஓடுமா?" என்று கேட்டு வையுங்கள்.

2. விடியவே வெளிக்கிடுங்கள்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 776 பஸ் எடுத்தால் நேரே குறிகட்டுவான் துறை, இரண்டு தீவுக்கும் படகு இங்கேயிருந்துதான். பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, பிறகு வாணர் தாம்போதி (கடலுக்கு நடுவே போகும் பாதை) வழியாகப் புங்குடுதீவு. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். ஆறு பேருக்கு மேல் என்றால் வான் பிடிப்பது நல்லது. அதற்குக் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

காலைச் சாப்பாடு அளவாக இருக்கட்டும். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் வாந்திக் குளிசையைப் படகு வெளிக்கிட அரை மணித்தியாலத்துக்கு முன்னமே போட்டுவிட வேண்டும். தலை சுற்றத் தொடங்கிய பிறகு போட்டால் குளிசையும் வெளியே வரும்.

3. முதலில் நெடுந்தீவு

நெடுந்தீவுக்குப் படகுகள் குறைவு. காலையில் போகும், பிற்பகலில் திரும்பும், அவ்வளவுதான். நயினாதீவுக்கோ மாலை வரை அடிக்கடி ஓடும். அரிதானதை முதலில் பிடியுங்கள். ஆட்கள் கூட என்றால் துறையிலேயே தனிப்படகு பேசலாம். ஏறுவதற்கு முன்னமே விலையையும், அங்கே எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்பதையும் தெளிவாகப் பேசிவிடுங்கள்.

படகில் ஏறுவதே புதியவர்களுக்கு ஒரு வித்தைதான். படகு ஒரு அலைக்கு மேலே வந்து துறையோடு சமமாகும், அடுத்த கணம் இறங்கும். மேலே வரும்போது, நிற்பவர் நீட்டும் கையைப் பிடித்துக் கால் வையுங்கள். யோசித்து நின்றால் இடைவெளி அகலும். கையில் பொதி இருந்தால் முதலில் அதைக் கொடுத்துவிடுங்கள். உள்ளே குனிந்து இறங்கிப் பலகையில் உட்கார வேண்டும். டீசல் மணமும் வெக்கையுமாக இருக்கும். நடுப்பகுதிக்கும் பின்பகுதிக்கும் இடையில் ஆட்டம் குறைவு. கண் கடற்கோட்டில் இருக்கட்டும், கைபேசியில் வேண்டாம். செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கியில் யார் யாருடையவோ வியர்வை மணக்கும், பொறுத்துக்கொண்டு போடுங்கள். வார்ப்பூட்டு 'டக்' என்று விழுந்ததா என்று இழுத்துப் பாருங்கள்.

சுமார் ஒரு மணித்தியாலத்தில் நெடுந்தீவின் இறங்குதுறையான மாவிலித்துறை. இறங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, திரும்பும் நேரத்தைப் படகுக்காரரிடமே கேட்பது. கடையில் கேட்டால் ஆளுக்கொரு நேரம் சொல்வார்கள். துறைக்குப் பக்கத்தில் 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களின் நினைவுத்தூபி இருக்கிறது. அதே கடலைத்தான் இப்போது தாண்டி வந்திருக்கிறீர்கள். ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

4. தீவுக்குள்ளே

நடந்து முடிக்கிற தீவு இல்லை. துறையிலேயே ஓட்டோ பேசுங்கள். ஒல்லாந்தர் காலத்துக் கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு, பெருக்கமரம் எல்லாம் எல்லா ஓட்டோக்காரருக்கும் தெரியும். ஆபிரிக்காவைப் பிறப்பிடமாகக் கொண்ட அந்த மரத்தின் பொந்துக்குள் ஆள் புகுந்து நிற்கலாம். ஆனால் என் கணக்கில் இவற்றை விட அழகு, வழியெல்லாம் ஓடும் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) மதில்கள்தான். சாந்து இல்லை, சீமெந்து இல்லை. கல்லுக்கு மேல் கல் அடுக்கியதுதான், ஓட்டைகளுக்குள்ளால் அந்தப் பக்கத்து ஆட்டுக்குட்டி தெரியும். ஓட்டோவை நிறுத்தச் சொல்லி ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள்.

குதிரைகளைப் பார்க்கத் தெற்குப் பக்க வெளிக்குப் போக வேண்டும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்தவை அவை. தூரத்தில் நின்று படம் எடுங்கள். பிஸ்கற் நீட்ட வேண்டாம். குடிதண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றராவது கையில் இருக்கட்டும், வெயில் இரக்கமில்லாதது.

படகு நேரத்துக்கு அரை மணித்தியாலம் முன்னமே துறைக்கு வந்துவிடுங்கள். எங்களில் ஒருவர் எப்போதும் "இன்னும் நேரம் இருக்குத்தானே" என்பார். எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார், அவருக்குக் காவலாக ஒருவரை இப்போதே நியமியுங்கள்.

5. நயினாதீவு

குறிகட்டுவானுக்குத் திரும்பியதும் அடுத்த படகில் ஏறுங்கள். இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். தீவில் இரண்டு இறங்குதுறைகள், ஒன்று நாகபூசணி அம்மன் கோவிலடி, மற்றது நாகவிகாரையடி. எதில் இறங்கினாலும் மற்றதற்கு நடந்தே போகலாம். கோவிலுக்குள் ஆண்கள் சேட்டைக் கழற்ற வேண்டும். அரைக்காற்சட்டையோடு வந்தவர்களுக்கு ஒரு வேட்டியைப் பையில் வைத்திருங்கள். மாலைப் பூசைக்கு நின்றால் படகு போய்விடும் என்ற பயம் இருந்துகொண்டே இருக்கும். அதனால் இங்கேயும் கடைசிப் படகு எப்போது என்று இறங்கும்போதே கேளுங்கள்.

6. திரும்பும் வழி

இப்போது அந்த வான் விசயம். கடைசிப் படகில் குறிகட்டுவானுக்கு வந்தால், யாழ்ப்பாணத்துக்கான கடைசி பஸ் உங்களுக்காகக் காத்திருக்கும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் காலையில் இறங்கும்போதே நடத்துநரிடம் கடைசி பஸ் நேரத்தைக் கேட்டு, அதற்கு முந்திய படகுக்கே நயினாதீவிலிருந்து வெளிக்கிடுங்கள்.