மாடு பார்ப்பது போலப் படகு பாருங்கள்: குடும்பத்துக்குப் பழைய ஃபிஷ் அண்ட் ஸ்கீ படகு வாங்கும் முறை

வேலூர்ப் பக்கத்தில் பிறந்த நமக்குத் தண்ணீரோடு பழக்கம் குறைவு. நம் ஊரைப் பற்றிய பழைய சொலவடையே ‘தண்ணீர் இல்லாத ஆறு’ என்றுதான் போகும். 2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடியபோது அதை வேடிக்கை பார்க்கக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் நாம். படகு என்றால் ஏலகிரி புங்கனூர் ஏரியில் அரை மணி நேரம் மிதிப்பது, அவ்வளவுதான்.

இப்படி வளர்ந்த பிள்ளைகள் இன்று மினசோட்டாவிலும் டெக்சாஸிலும் ஏரிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார்கள். காட்பாடியில் எங்கள் தெருவிலேயே நாலைந்து வீட்டுப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். “சித்தப்பா, பழைய ஃபிஷ் அண்ட் ஸ்கீ படகு ஒன்று பார்த்திருக்கிறேன், வாங்கலாமா?” என்று கேட்டு எனக்குப் படங்கள் வருகின்றன. மீன் பிடிக்கவும், கயிறு கட்டித் தண்ணீர்மேல் சறுக்கவும் சேர்த்துச் செய்த படகு அது. நான் மினசோட்டாவில் பன்னிரண்டு வருடம் இருந்தேன். இரண்டு பழைய படகுகள் வாங்கினேன். முதல் படகில் பணம் போனது. இரண்டாவது, ஊர் திரும்பும் வரை ஒரு குறையும் வைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் நான் கற்றதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

அதற்கு முன் என் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்கு மாடு வாங்கப் போனால், கொம்புக்கு அடித்த வண்ணத்தையும் கழுத்து மணியையும் அவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். நேராக மாட்டின் பின்பக்கம் போவார். குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். பத்தடி நடக்கவிட்டு, பின்னங்கால் இழுக்கிறதா என்று கவனிப்பார். கடைசியில்தான் வாயைத் திறந்து பல் எண்ணுவார். பழைய படகையும் அதே வரிசையில்தான் பார்க்க வேண்டும்: பின்பக்கம் முதலில், பளபளப்பு கடைசியில்.

முதல் படி: இந்த வகைப் படகு உங்கள் வீட்டுக்குத்தானா?

ஒரே படகில் காலையில் மீன் பிடிக்கலாம், மதியம் அதிலேயே கயிறு கட்டிப் பிள்ளைகளைத் தண்ணீர்மேல் சறுக்கவிடலாம். அதற்காகச் செய்ததுதான் ஃபிஷ் அண்ட் ஸ்கீ. பெரும்பாலும் 17 முதல் 20 அடி நீளம் இருக்கும். முன்பக்கம் தூண்டில் போட மேடை. அதன் மூடியைத் தூக்கினால் உட்காரும் இருக்கையாக மாறும். பிடித்த மீனை உயிரோடு வைக்கத் தொட்டி, ஓசையில்லாமல் நகர மூக்கில் ஒரு சின்ன மின் மோட்டார், கயிறு கட்டப் பின்னால் ஒரு கம்பி, காற்றுத் தடுக்கும் கண்ணாடி எல்லாம் உண்டு.

மீனுக்கென்றே செய்த பாஸ் படகில் பக்கச்சுவர் தாழ்வு. சின்னக் குழந்தையை அதில் ஏற்ற எனக்கு மனம் வராது. உல்லாசத்துக்கென்றே செய்த படகில் தூண்டிலை வைக்கக்கூட இடம் இருக்காது. ஃபிஷ் அண்ட் ஸ்கீ இரண்டுக்கும் நடுவில் நிற்பது. இரண்டிலும் முதலிடம் வாங்காது, இரண்டையும் செய்யும். ஆனால் உங்கள் வீட்டில் யாருக்கும் தூண்டில் ஆசையே இல்லை என்றால் இதை வாங்காதீர்கள். அந்த மேடையும் தொட்டியும் வீணாக இடத்தை அடைத்துக்கொள்ளும்.

(தண்ணீர்ச் சறுக்கு பிறந்ததே மினசோட்டாவில்தான். 1922-இல் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயதுப் பையன் பெப்பின் ஏரியில் பனிச்சறுக்குப் பலகையைக் கட்டிப் பார்த்தான், சரிவரவில்லை. பிறகு தானே நீளமான பலகை செய்து நின்று காட்டினான். அந்த ஏரிக்கரையில் என் மகளோடு நின்ற நாளை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.)

இரண்டாம் படி: உங்கள் வண்டி இழுக்குமா?

படகுக்குப் போவதற்கு முன் வாசலில் நிற்கும் வண்டியைப் பாருங்கள். நம்மவர் பலர் வைத்திருக்கும் டொயோட்டா சியன்னாவின் இழுக்கும் வரம்பு 3,500 பவுண்டு. 18 அடி ஃபைபர் படகு, மோட்டார், டிரெய்லர், நிறைந்த பெட்ரோல் டாங்க், பேட்டரிகள் என்று கூட்டினால் அந்த வரம்பை எளிதாகத் தொட்டுவிடும். விளம்பரத்தில் போடும் எடை பெரும்பாலும் வெறும் படகின் எடைதான். அதில் ஏமாறாதீர்கள்.

வண்டி சின்னது என்றால் அலுமினியப் படகு பாருங்கள். எடை குறைவு, பாறையில் உரசினாலும் நெளியுமே தவிரச் சட்டென்று உடையாது. மினசோட்டாவின் நியூயார்க் மில்ஸ் ஊரில் பிறந்த லண்ட் கம்பெனி இந்த வகையில் நல்ல பெயர் வாங்கியது. அலையில் ஃபைபர் மெத்தென்று போகும், அலுமினியம் தடதடக்கும். குடும்பத்துக்கு அந்தத் தடதடப்பு பெரிய குறை இல்லை. அலுமினியத்தில் ரிவெட்டுகள் தளர்ந்து ஒழுகுகிறதா என்பது ஒன்றை மட்டும் விடாமல் பாருங்கள்.

மூன்றாம் படி: பின்பலகை

மோட்டார் தொங்கும் பின்சுவரை டிரான்சம் என்பார்கள். பழைய ஃபைபர் படகுகள் பலவற்றில் வெளியே ஃபைபர் பூச்சு, உள்ளே ஒட்டுப்பலகை. தரையும், தரைக்கு அடியில் ஓடும் நீளச் சட்டங்களும் அப்படித்தான். யாரோ ஒரு நாள் மீன் பார்க்கும் கருவியை மாட்ட ஒரு திருகாணி போட்டு, அந்த ஓட்டையைச் சரியாக அடைக்காமல் விட்டிருப்பார்கள். அந்த வழியாகத் தண்ணீர் துளித்துளியாக இறங்கி வருடக்கணக்கில் பலகையை ஊறவைக்கும். வெளியே பார்த்தால் படகு புதுசு போல மின்னும். உள்ளே பலகை ஊறவைத்த அவல் மாதிரி ஆகியிருக்கும்.

என் முதல் படகு அப்படிப்பட்டதுதான். பின் இருக்கைக்குப் பக்கத்தில் கால் வைத்தபோது தரை லேசாக அமுங்கியது. “அது கம்பளத்தின் மென்மை” என்றார் விற்றவர், நானும் நம்பினேன். ஒரு கோடைக்காலம் போனதும் மோட்டாருக்கு மேலே இரண்டு மூலையிலும் விரிசல் ஓடியது. மெக்கானிக் ஒரு திருகாணியைக் கழற்றினார், ஓட்டையிலிருந்து பழுப்பு நிறத் தண்ணீர் வடிந்தது. டிரான்சத்தை அறுத்துப் புதுப் பலகை வைக்க அவர் சொன்ன கூலி, படகு வாங்கிய விலையில் பாதிக்கு மேல். இரண்டு கோடைக்குப் பிள்ளைகளுக்கு ஏரி இல்லாமல் போனது. பணத்தைவிட அதுதான் எனக்கு வலித்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. மோட்டாரைப் பாதி உயர்த்தி வைத்து, அதன் அடிப்பாகத்தைக் கையால் அழுத்தி மேலும் கீழும் ஆட்டுங்கள். அப்போது கண் மோட்டாரில் இருக்கக் கூடாது, டிரான்சத்தில் இருக்க வேண்டும். மோட்டாரோடு சேர்ந்து பின்சுவர் நெளிந்தால், அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நெளியவில்லை என்றால் ஒரு திருப்புளியின் பிளாஸ்டிக் கைப்பிடியால் சுவர் முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல பலகை ‘டக் டக்’ என்று கணீரெனப் பேசும். ஊறிய இடத்தில் ‘தொப்’ என்று செத்த ஓசை வரும். பானை வாங்கும்போது சுண்டிப் பார்த்த கைக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தரை முழுவதும் குதிகாலால் அழுத்தி நடங்கள். மேடையின் மூடிகளைத் திறந்து, ஓரங்களில் மரம் கறுத்திருக்கிறதா, புழுங்கல் வாடை வருகிறதா என்று பாருங்கள். பூச்சில் தலைமுடி போல ஓடும் சின்ன விரிசல்கள் எல்லாப் பழைய படகிலும் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். டிரான்சத்தின் மூலைகளில் நகம் மாட்டும் அளவுக்கு விரிசல் இருந்தால் பயப்படத்தான் வேண்டும்.

நான்காம் படி: மோட்டார்

பார்க்கப் போவதற்கு முன்பே போனில் சொல்லிவிடுங்கள்: “நான் வரும் வரை மோட்டாரை ஓட்ட வேண்டாம்.” போனதும் மூடியைத் திறந்து கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த மோட்டாரை உடனே கிளப்ப முடியாமல் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்க வாய்ப்பு உண்டு. தரையில் நிற்கும் படகில் தண்ணீர்க் குழாய் மாட்டாமல் கிளப்பவே கூடாது. உள்ளே தண்ணீர் இழுக்கும் பம்பின் ரப்பர் சக்கரம் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும். குழாய் மாட்டிக் கிளப்பியதும், பின்னால் ஒரு சின்னத் துளையிலிருந்து தண்ணீர் வலுவாகப் பீய்ச்ச வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் பம்ப் போய்விட்டது, அல்லது வழி அடைத்திருக்கிறது.

அடுத்தது கியர் எண்ணெய். மோட்டாரின் அடியில் இருக்கும் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தி, முதலில் வரும் துளிகளை வெள்ளைத் துணியில் பிடியுங்கள். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. மினசோட்டா மாதிரிக் குளிர் ஊரில் அந்தத் தண்ணீர் பனிக்காலத்தில் உறைந்து விரிந்து, கியர் பெட்டியையே பிளந்துவிடும். துணியில் உலோகத் துகள் மின்னினால் அதைவிட மோசம்.

சிலிண்டர்களின் அழுத்தத்தை மெக்கானிக்கை வைத்து அளந்து பாருங்கள். எண் எவ்வளவு என்பதைவிட எல்லாச் சிலிண்டரும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதுதான் முக்கியம். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் விட்டுவிடுங்கள். இவின்ரூட் மோட்டார் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். அவை ஓடாதவை அல்ல. ஆனால் 2020-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள், உதிரி பாகத்துக்கு அலைய நேரலாம்.

மணிக்கணக்கு குறைவாக இருப்பதே நல்லது என்று நினைக்காதீர்கள். ஒழுங்காகப் பராமரித்து 400 மணி ஓடிய மோட்டாரை நான் தைரியமாக வாங்குவேன். பத்து வருடம் கொட்டகையில் தூங்கிய மோட்டாரை வாங்க மாட்டேன். பழைய பெட்ரோல் பிசினாகி, ரப்பர் எல்லாம் வெடித்திருக்கும்.

படகின் உட்புறம் ஒரு தகடு ஒட்டியிருக்கும். எத்தனை பேர், எவ்வளவு எடை, எத்தனை குதிரைத்திறன் வரை என்று அதில் எழுதியிருக்கும். 20 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு இது அமெரிக்கச் சட்டம். அதைத் தாண்டிய மோட்டார் மாட்டியிருந்தால் வேண்டாம். மிகக் குறைந்த மோட்டாரும் வேண்டாம்: ஐந்து பேர் ஏறிய 18 அடிப் படகில் இருந்து ஒரு பெரியவரைத் தண்ணீருக்கு மேலே இழுத்து நிறுத்த 90 குதிரைத்திறன் திணறும். 115-க்குக் குறையாமல் பாருங்கள், 150 இருந்தால் நிம்மதி.

ஐந்தாம் படி: தண்ணீரில் இறக்கிப் பார்ப்பது

அப்பா மாட்டை நடக்கவிட்ட மாதிரி. ஏரியில் இறக்க மறுப்பவரிடம் வாங்காதீர்கள். முழு வேகத்தில் மோட்டார் தன் கையேட்டில் சொன்ன சுழற்சியைத் தொடுகிறதா, ஸ்டியரிங் இறுகியிருக்கிறதா, வளைக்கும்போது சத்தம் வருகிறதா என்று பாருங்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரையும் ஏற்றுங்கள். என் இரண்டாவது படகை வாங்கும்போது என் மனைவிதான் ஒன்றைக் கவனித்தாள்: தண்ணீரிலிருந்து ஏறும் ஏணி, மோட்டாரின் சுழலிக்கு மிகப் பக்கத்தில் இருந்தது. அதை இடம் மாற்றித் தந்த பிறகுதான் பணம் கொடுத்தோம். அரை மணி ஓட்டிவிட்டு, படகின் அடிக்குழியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.

டிரெய்லரையும் மறக்க வேண்டாம். கொஞ்ச தூரம் இழுத்துவிட்டுச் சக்கரத்தின் நடுவில் கை வையுங்கள். தொட முடியாத சூடு என்றால் பேரிங் போய்விட்டது. டயரின் பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு இலக்கங்கள், அது செய்த வாரமும் வருடமும். ஆறு வருடம் தாண்டியிருந்தால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

ஆறாம் படி: காகிதமும் விலையும்

டிரான்சத்தின் வலது மேல்மூலையில் 12 எழுத்து, எண் கொண்ட அடையாளக் குறி பொறித்திருக்கும். பத்திரத்தில் உள்ளதோடு அது ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்போக வேண்டும். 1984-க்குப் பிந்தைய படகுகளில் கடைசி இரண்டு இலக்கம் மாடல் வருடம். படகின்மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். டிரெய்லருக்குத் தனிக் காகிதம் கேளுங்கள்.

விலை பேச நல்ல காலம் இலையுதிர்காலம். பனிக்காலம் முழுக்கப் படகை வைத்துக் காக்க யாருக்கும் விருப்பம் இருக்காது. ஏரி உறைவதற்குள் ஓட்டிப் பார்த்துவிடுங்கள், அவ்வளவுதான். பொய்கையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். படகு விற்பவரிடம் நீங்கள் கண்ட குறைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவைப் போட்டுக் காட்டுங்கள். அதற்கு மறுபேச்சு குறைவு.

ஏழாம் படி: பிள்ளைகளுக்காக

நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது. அதனால் படகு வாங்கும் பணத்திலேயே இதற்கு ஒரு பங்கை எடுத்து வையுங்கள். ஒவ்வொருவர் உடம்புக்கும் அளவாக ஒரு லைஃப் ஜாக்கெட். குழந்தைக்கு மாட்டித் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்குங்கள். காது வரை ஏறினால் அது பெரிது. ‘வளர்ந்தபின் சரியாகும்’ என்று இதில் மட்டும் வாங்க வேண்டாம். ஓட்டுபவர் கையிலோ ஜாக்கெட்டிலோ மாட்டும் ஒரு சுருள் கயிறு இருக்கும். அவர் தண்ணீரில் விழுந்தால் அது இழுபட்டு மோட்டாரை நிறுத்திவிடும். அது பொருத்திய 26 அடிக்குக் குறைந்த படகுகளில் வேகமாகப் போகும்போது மாட்டியே ஆக வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்காவில் சட்டம். கயிற்றில் யாரையாவது இழுக்கும்போது ஓட்டுபவர் முன்னால் பார்க்கட்டும், இன்னொரு பெரியவர் பின்னாலேயே பார்த்துக்கொண்டு இருக்கட்டும். பல மாநிலங்களில் அதுவும் சட்டம்தான்.

கடைசியாக ஒன்று. படகின் பின்னால் கீழே, தண்ணீர் வடிய ஒரு சின்ன அடைப்பான் உண்டு. மினசோட்டாவில் படகைச் சாலையில் கொண்டுபோகும்போது அதைக் கழற்றியே வைக்க வேண்டும். ஒரு ஏரியின் வேண்டாத உயிரிகள் இன்னொரு ஏரிக்குப் போகாமல் இருக்கத்தான் அந்த விதி. ஏரிக்குப் போனதும் திரும்ப மாட்ட மறந்தால், நீங்கள் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் படகில் தண்ணீர் ஏறியிருக்கும். அந்த அடைப்பானைப் படகுச் சாவியோடு சேர்த்துக் கட்டி வைத்துவிடுங்கள்.