டிசம்பர் 3 விழா: மேடை போடுமுன் கவனிக்க

டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாள். அன்று மாற்றுத்திறனாளிக் கலைஞர்களை வைத்து விழா எடுப்போர் பலர். மைக் கரகரப்பதும் நாற்காலி குறைவதும் எந்த விழாவிலும் உண்டு, அதை விடுங்கள்.

"ஆளுங்க இருக்காங்க, தூக்கிடலாம்"

இதைத்தான் பொறுக்க முடிவதில்லை. பந்தல்காரரிடம் மேடை சொல்லும்போது சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளத்தைச் சொல்வதில்லை. கடைசி நேரத்தில் கேட்டால் ஆறடிப் பலகை ஒன்றைச் சாய்த்து வைப்பார். 3 அடி மேடைக்கு அது சாய்தளமல்ல, சறுக்குமரம். நாற்காலியை ஏற்றினால் பின்பக்கமாகக் கவிழும். உடனே நான்கு பேர் பாடகரை நாற்காலியோடு தூக்க, தொகுப்பாளர் மைக்கில் "என்ன மனவலிமை!" என்பார். பல நாற்காலிகளில் கைவைக்கும் பகுதி கழற்றக்கூடியது. அதைப் பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும். மின்சாரச் சக்கர நாற்காலியோ ஆளோடு சேர்த்து 150 கிலோவைத் தாண்டலாம்.

கணக்கு இதுதான்: ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம். 3 அடி மேடைக்கு 36 அடி, நடுவே நின்று மூச்சுவாங்க 5 அடி சமதளம், ஆக 41 அடி. அகலம் 4 அடி, இருபுறமும் கைப்பிடி, சக்கரம் நழுவாமல் ஓரத்தில் தடுப்பு. மெல்லிய பிளைவுட் தொய்யும். 18 மி.மீ. பலகையும் அடியில் ஓரடிக்கொரு குறுக்குச் சட்டமும் வேண்டும். கம்பளம் விரிக்காதீர்கள், முன்சக்கரம் அதைச் சுருட்டிக்கொள்ளும்.

அவ்வளவு இடமில்லையா? மேடையை ஓரடிக்கு இறக்குங்கள். 12 அடியில் வேலை முடியும், மரச்செலவும் குறையும். யாரும் யோசிக்காத வழி இது.

சைகை மொழிக்கு ஒருவர்

ஒருவர் போதாது, சைகை மொழிபெயர்ப்பாளர் இருவர் வேண்டும். 20 நிமிடத்துக்கொரு முறை மாறாவிட்டால் கை மட்டுமல்ல, மூளையும் களைத்துப் பிழை வரும். பாடல் வரிகளை ஒரு வாரம் முன்பே கொடுங்கள். நடனத்துக்காக அரங்கை இருட்டாக்கும்போதும் அவர்கள்மேல் ஒரு விளக்கு எரியட்டும்.

படமாக அழைப்பிதழ்

வாட்ஸ்அப்பில் வெறும் படமாக அனுப்பினால் பார்வையற்றவரின் திரைவாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் செயலி) அதைச் சரியாகப் படிக்காது. நாள், இடம், நேரத்தை எழுத்தாகவும் தட்டுங்கள்.

ஊதியத்துக்குப் பதில் பொன்னாடை

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு கலைஞர்களுக்கு வசதி, ஆதரவு, நிதியுதவி என்கிறது. பொன்னாடை என்று எங்கும் இல்லை.

கழிவறை

கதவை டேப் வைத்து அளந்து பாருங்கள். 90 செ.மீ. அகலம் வேண்டும்.