யூத ஓவியத்தில் முதலில் கையைத் தேடுங்கள்

கிருஷ்ணாபுரம் சிற்ப மண்டபத்தில் கையில் நாகாஸ்திரம் இருப்பதைப் பார்த்துத்தானே இவன் கர்ணன் என்று சொல்கிறோம். யூதர்களின் பழைய ஜெப ஆலயங்களில் உள்ள வேதாகமக் காட்சிகளுக்கும் அந்தப் பழக்கம் போதும். என்ன, அங்கே கடவுளுக்கு உருவம் கிடையாது, பத்துக் கட்டளைகளில் உருவம் செய்யாதே என்ற இரண்டாம் கட்டளை தடுக்கிறது.

அதனால் முதலில் படத்தின் மேல்பக்கம் பாருங்கள். இஸ்ரேலின் பெத் அல்ஃபாவில் 1928-இல் வாய்க்கால் வெட்டியவர்கள் கண்ட கி.பி. ஆறாம் நூற்றாண்டு ஜெப ஆலயத் தரைச் சித்திரத்தை எடுத்துக்கொள்வோம். சண்டே ஸ்கூலில் நாம் கேட்ட அதே ஈசாக்கு கதைதான், கடவுள் சொன்னபடி ஆபிரகாம் மகனைப் பலியிடப் போக, கடவுளே தடுத்து, பதிலுக்கு ஓர் ஆட்டுக்கடா பலியாகும் கதை: கத்தியோடு ஆபிரகாம், தீ எரியும் பலிபீடம், சின்னப்பிள்ளை போல ஈசாக்கு. மேலிருந்து ஒரு சின்னக் கை மட்டும் நீள்கிறது. அதுதான் கடவுளின் குரல்! பக்கத்திலேயே எபிரெயுவில் "போடாதே" என்று எழுதியிருக்கிறது, அதாவது பிள்ளையாண்டான்மேல் கையைப் போடாதே.

அடுத்து ஆட்டுக்கடா. வேதாகமத்தில் அது கொம்பு புதரில் சிக்கி நிற்கும், இங்கே மரத்தில் கட்டியிருக்கிறார்கள். இந்தக் கடாவை நினைத்துத்தான் யூதர்கள் புத்தாண்டில் கொம்பு ஊதுகிறார்கள், ஷோஃபார் என்பார்கள். அதே தரையில் இன்னொரு கட்டத்தில் ஷோஃபாரும் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

அங்கேயே ஏழு கிளை விளக்கும் உண்டு. நம் தமிழ் வேதாகமம் அதைக் குத்துவிளக்கு என்றே சொல்வதால் வீட்டு விளக்கை நினைத்துவிடக் கூடாது, அது எருசலேம் ஆலயத்தின் அடையாளம். கூடவே பேரீச்சங்குருத்தும் நார்த்தங்காய் சாதியைச் சேர்ந்த ஒரு பழமும் தெரிந்தால் அது யூதர்களின் கூடாரப் பண்டிகையைக் குறிக்கும். குருத்தோலை ஞாயிறில் ஓலை பிடித்து நடந்தவர்களுக்குக் குருத்தைக் கண்டுபிடிப்பது சிரமமே இல்லை.

கடைசியாக, எது எதன் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். சிரியாவின் துரா யூரோபஸ் ஜெப ஆலயத்தில், ஏறக்குறைய கி.பி. 245-இல் வரைந்தது, தோரா சுருள் (மோசேயின் ஐந்து புத்தகங்கள்) வைக்கும் மாடத்துக்கு மேலே குத்துவிளக்கு, நடுவில் ஆலய முகப்பு, அதை ஒட்டியே ஈசாக்கு பலி. ஏன் என்று யோசித்தால், சாலொமோன் ஆலயம் கட்டியது மோரியா மலையில் என்று இரண்டாம் நாளாகமம் சொல்கிறது, ஆபிரகாம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனதும் மோரியா தேசத்துக்குத்தான். அந்தப் படத்தில் ஆபிரகாம் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார், முகம் தெரியவே தெரியாது. மேலே மறுபடியும் அந்தக் கை.