அடிவரியை மட்டும் படித்து ஏமாறாதீர்கள்: அரபுக் குதிரை வம்சாவளியில் நாம் செய்யும் தவறுகள்

ரிஷிமூலம், நதிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். அரபுக் குதிரை வளர்ப்பவர்களிடம் இதைச் சொன்னால் சிரித்துவிடுவார்கள். அங்கே மூலம் பார்ப்பதுதான் முதல் வேலை. அதுவும் அப்பா வழி இல்லை, அம்மா வழி. இந்தக் குதிரை யார் பிள்ளை என்பதைவிட, யார் வயிற்றுப் பேத்தி என்பதுதான் அவர்களுக்கு முக்கியம்.

நான் குதிரை வைத்திருப்பவன் இல்லை. வம்சாவளித் தாள்களைப் படிக்கும் கிறுக்கு மட்டும் உண்டு. அப்படிப் படித்துப் படித்து நானே விழுந்து எழுந்த குழிகள் சில இருக்கின்றன. புதிதாக இதில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் அதே குழிகளில்தான் விழுகிறார்கள்.

முதலில் தாள் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். இடது ஓரத்தில் குதிரையின் பெயர். வலப்பக்கம் போகப் போகப் பெற்றோர் இருவர், தாத்தா பாட்டிகள் நால்வர், அப்புறம் எட்டு, பதினாறு என்று விரியும். மேல்பாதி தந்தை பக்கம், கீழ்பாதி தாய் பக்கம். ஆகவே தாளின் அடி ஓரத்தில் தாய், தாயின் தாய், அவள் தாய் என்று ஒரே வரிசை ஓடும். இதை நான் அடிவரி என்று சொல்லிப் பழகிவிட்டேன். அந்த வரி எந்தப் பெண்குதிரையில் போய் முடிகிறதோ, அவள்தான் மூலத்தாய்.

நான் செய்த முதல் தவறு, அந்த அடிவரியைக் குதிரையின் முழுக் கதை என்று நினைத்தது. எகிப்தில் 1956இல் பிறந்த அலா எல் தீன் என்ற பேர்பெற்ற பொலிகுதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் தாய் கதீஃபா. அவள் தாய் பிந்த் ரிஸ்ஸாலா, பிறகு ரிஸாலா, ரிதா, ரோஸ் ஆஃப் ஷாரன், கடைசியில் ரொடானியா. பாலைவனத்தில் வாங்கி 1881இல் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட பெண்குதிரை அவள். வாங்கியவர்கள் சஸெக்ஸில் கிராபெட் பார்க் பண்ணையை நடத்திய வில்ஃப்ரிட் பிளண்டும் அவர் மனைவி லேடி ஆன் பிளண்டும். 'ஆஹா, ரொடானியா வாரிசு' என்று குறித்து வைத்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் சும்மா எண்ணிப் பார்த்தேன். ரொடானியா ஆறாவது தலைமுறை. அந்தத் தலைமுறையில் மொத்தம் 64 இடங்கள், அவற்றில் ஒன்றில் அவள். மீதி 63 பேரை நான் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. பத்தாவது தலைமுறைக்குப் போனால் 1,024 இடங்களில் ஒன்று!

அப்படியென்றால் அடிவரிக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது, ஆனால் வேறு மாதிரி. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வரும். அந்த ஒன்று மட்டும் எத்தனை தலைமுறை ஆனாலும் கலக்காமல் அடிவரியிலேயே வரும். இன்னொரு காரணம் மனிதர்கள். பெதூயின்கள், அதாவது அரபுப் பாலைவன நாடோடிகள், ஆண்குட்டிகளை விற்பார்கள். நல்ல பெண்குதிரையை லேசில் விடமாட்டார்கள். நல்ல தாயின் மகளை வைத்துக்கொண்டு, அவளுக்கு நல்ல பொலியைத் தேடி, அவள் மகளை மறுபடி வைத்துக்கொண்டு வந்த வீட்டில் அடிவரி ஒரு வளர்ப்பாளரின் கண்ணுக்குச் சான்று. தூரத்து ரத்தத்தைவிட அந்தத் தொடர்ச்சியைத்தான் நான் மதிக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அடிவரியில் பெயர் இல்லாவிட்டால் அந்தப் பெண்குதிரைக்குச் செல்வாக்கு இல்லை என்று முடிவுகட்டுவது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

பிளண்ட் தம்பதி 1870களின் கடைசியில் பாலைவனத்தில் வாங்கிய பெண்குதிரைகளில் ஒருத்தி குயின் ஆஃப் ஷீபா. மெஸாவுத் என்ற எகிப்தியப் பொலியோடு அவளைச் சேர்த்ததில் 1900இல் ஆஸ்ட்ராலெட் பிறந்தான். ஆஸ்ட்ராலெட்டின் மகன் சோதாம். சோதாமின் மகன் கஸ்மீன், 1916இல் பிறந்தவன். 1920இல் எகிப்தின் ராயல் வேளாண்மைச் சங்கம் கிராபெட்டில் ஒரு கூட்டம் குதிரைகளை வாங்கியது. கஸ்மீன் அதோடு கெய்ரோவுக்குக் கப்பலேறினான். அங்கே 1925இல் அவனுக்குப் பிறந்த மகள் பிந்த் சமீஹா. அவள் 1934இல் ஈன்ற மகன் நஸீர். இன்றைக்கு எகிப்தியக் குதிரை என்று யார் தாளைப் புரட்டினாலும் நஸீர் இல்லாமல் இருப்பது அபூர்வம்.

இப்போது நஸீரின் தாளில் குயின் ஆஃப் ஷீபாவைத் தேடுங்கள். அடிவரியில் அவள் இல்லை. தாய், தாயின் தந்தை, அவன் தந்தை, அவனுக்கும் தந்தை, அவன் தாய் என்று நடுவில் எங்கோ ஒளிந்திருக்கிறாள். அவளுடைய மைட்டோகாண்ட்ரியா நஸீரிடம் துளிகூட இல்லை, அது ஆஸ்ட்ராலெட்டோடு நின்றுபோனது. ஆனால் ஐந்தாவது தலைமுறையின் 32 இடங்களில் ஒன்று அவளுடையது. நஸீருடைய ஆயிரக்கணக்கான வாரிசுகளிடம் அவள் போய்ச் சேர்ந்தது மகன் வழியாக. பெண்குதிரைக்குச் சினைக்காலம் 11 மாதம், பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும். எவ்வளவு உழைத்தாலும் ஆயுளில் பத்துப் பதினைந்து பிள்ளைகள். ஒரு பொலி நூற்றுக்கணக்கில் பெற்றுத் தள்ளிவிடுவான். ஆகவே ஒரு மூலத்தாயின் ரத்தம் வேகமாகப் பரவியிருந்தால், நடுவே ஒரு நல்ல மகனோ பேரனோ இருந்திருப்பான் என்று சந்தேகப்படுங்கள்.

அடுத்தது குலப்பெயர் குழப்பம். குஹைலான், சக்லாவி, ஹம்தானி, ஹத்பான், அபைய்யான் என்று குலங்கள் உண்டு. குஹைலான் என்ற பெயர் கண்மையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மையிட்டது போன்ற கருந்தோல் உள்ள குதிரை. குலத்தை அரபியில் 'ரஸன்' என்பார்கள், கயிறு என்று பொருள். ஒரு குறிப்பிட்ட வீட்டாரிடம் வளர்ந்த உட்பிரிவு 'மர்பத்', அதாவது கட்டுமிடம். நம் வாயில் சொன்னால் கட்டுத்தறி! கம்பன் வீட்டுக் கட்டுத்தறிக்கு நாம் கொடுக்கும் பெருமைதான் இப்னு ரோதான் வீட்டுக் கட்டுத்தறிக்கும். ரொடானியாவின் பெயரே அந்த வீட்டைச் சொல்வது.

கோத்திரத்தோடு ஒப்பிட்டால் எளிதாகப் புரியும். நம் கோத்திரம் அப்பா வழி வரும், இது அம்மா வழி. கோத்திரத்தை வைத்து ஒருவர் மூக்கு நீளமா சப்பையா என்று யாரும் சொல்வதில்லையே. ஆனால் குதிரையில் சொல்லத் துணிகிறார்கள். குஹைலான் என்றால் ஆண்மையான கட்டு, சக்லாவி என்றால் பெண்மையான நளினம், முனிகி என்றால் ஓட்டம் என்று கார்ல் ராஸ்வான் 20ஆம் நூற்றாண்டில் பரப்பிய வாய்பாடு இன்னும் உலவுகிறது. குலத்துக்குள்ளேயே பல தலைமுறை இணைசேர்த்தால் ஒரு சாயல் நிலைக்கலாம். பத்துத் தலைமுறை கலந்தபிறகு அடிவரியில் சக்லாவி என்று இருப்பதை வைத்து முகவெட்டைச் சொல்வது கிளிஜோசியம். தவிர, ஒரே குலப்பெயர் தாங்கிய வரிசைகள் எல்லாம் ஒரே தாய்க்குப் பிறந்தவையும் இல்லை என்று மைட்டோகாண்ட்ரியா ஆய்வுகள் காட்டிவிட்டன.

பெயர்கள் தரும் தலைவலி தனி. ஹத்பான் என்ஸாஹி என்பது ஒரு குலத்தின் உட்பிரிவு. அதே பெயரில் ஒரு பொலிகுதிரையும் இருந்தான். 1952இல் எகிப்தில் பிறந்து 1955இல் ஜெர்மனியின் மார்பாக் பண்ணைக்குப் போனவன். 'ஹத்பான் என்ஸாஹி வழி' என்று விளம்பரத்தில் படித்தால் குலமா குதிரையா என்று முதலில் கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

'பிந்த்' என்றால் மகள். பிந்த் சமீஹா என்றால் சமீஹாவின் மகள், அவ்வளவுதான். நான் ஆரம்பத்தில் 'பிந்த்' என்பதைக் குடும்பப் பெயர் என்று நினைத்து, அத்தனை பிந்த்களையும் அக்கா தங்கைகள் ஆக்கிவிட்டேன். ஊர் மாறினால் பெயரும் மாறும். இங்கிலாந்தில் காஸ்மெய்ன் என்று எழுதியவன்தான் எகிப்தில் கஸ்மீன். கிராபெட்டில் ராஸியா என்று பதிவான குட்டி கெய்ரோவில் இறங்கியதும் பிந்த் ரிஸ்ஸாலா ஆனாள். பெயரை நம்பாதீர்கள், பிறந்த ஆண்டு, தந்தை, தாய் மூன்றும் பொருந்தினால்தான் அதே குதிரை. பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அது பரிசு வாங்கியதற்கான அடையாளம் இல்லை, அமெரிக்காவுக்கு இறக்குமதி ஆனது என்று அர்த்தம்.

'ஸ்ட்ரெயிட் ஈஜிப்ஷியன்' என்றால் எகிப்து மண்ணின் குதிரை என்று நினைப்பதும் தவறு. அது ஒரு வரையறை. அமெரிக்காவில் 1969இல் தொடங்கிய பிரமிட் சொசைட்டி, எந்தெந்த வளர்ப்பாளர்களின் குதிரைகளிடம் வம்சாவளி போய்ச் சேரவேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் அலா எல் தீன் அசல் எகிப்தியன். அவனுடைய மூலத்தாய் ரொடானியாவோ பாலைவனத்திலிருந்து இங்கிலாந்துக்குப் போனவள். அவள் வழிவந்தவர்கள்தான் எகிப்துக்கு வந்தார்கள்.

மூலத்தாய் என்றாலே பாலைவனத்தில் பிறந்தவள் என்றும் எண்ண வேண்டாம். போலந்தைப் பாருங்கள். ஜெதுஷித்ஸ்கி பிரபு 1845இல் கிழக்கே போய்த் திரும்பியபோது கஸெல்லா, ம்லெஹா, சஹாரா என்ற மூவரை யார்சோவ்ச்சே பண்ணைக்குக் கொண்டுவந்தார். மூன்று பேருமே பெரிய குடும்பங்களின் தாய்கள். அதே போலந்தில் மிலோர்த்கா, ஷ்வெய்கோவ்ஸ்கா என்று இன்னும் இரண்டு புகழ்பெற்ற வரிசைகள். இவை ஸ்லாவுத்தா பண்ணையின் ஏடுகளில் தொடங்குகின்றன. அதற்கு முன்னால் எந்தப் பாலைவனம், யார் கொண்டுவந்தது என்று எழுத்து இல்லை. ஜெர்மனியில் 1816இல் வந்த முரானா என்பவளின் பெண்வழி இன்றும் மார்பாக்கில் தொடர்கிறது. ஆக, மூலத்தாய் என்பவள் முதல் குதிரை இல்லை, ஏடு தொடங்கும் இடம். அவளுக்கும் அம்மா இருந்தாள், யாரும் எழுதி வைக்கவில்லை.

நபிகள் நாயகத்தின் ஐந்து பெண்குதிரைகள் கதையையும் இங்கேயே வைத்துவிடலாம். தாகத்தில் தண்ணீருக்கு ஓடிய மந்தையைக் கொம்பூதி அழைத்தார்களாம், குடிக்காமல் திரும்பியவை ஐந்து மட்டுமாம், அவையே ஐங்குலங்களுக்கும் தாயாம். கேட்க நன்றாக இருக்கிறது, குழந்தைகளுக்குச் சொல்லலாம். வம்சாவளியில் சேர்க்க முடியாது.

கடைசியாக, பணமும் உயிரும் போகும் தவறு. ஒரு பெரிய பெயர் தாளில் இரண்டு மூன்று முறை வந்தால் கூடுதல் பெருமை என்று நினைப்பது. மேலே சொன்ன ஹத்பான் என்ஸாஹியின் தாளையே விரிப்போம். தந்தை நஸீர், நஸீரின் தாய் பிந்த் சமீஹா. தாய் கம்லா, கம்லாவின் தாய் சம்ஹா, சம்ஹாவின் தாயும் அதே பிந்த் சமீஹா. கணக்கு எளிது. நஸீரில் தொடங்கி பிந்த் சமீஹாவுக்கு ஏறி, சம்ஹா வழியாகக் கம்லாவுக்கு இறங்குங்கள். வழியில் நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு பாதி, ஆக பதினாறில் ஒன்று, 6.25 சதவீதம். நம் ஊரில் அத்தை மகனுக்குக் கட்டிவைத்தால் பிறக்கும் பிள்ளைக்கு வரும் அளவு.

அதோடு முடியவில்லை. நஸீரின் தந்தை மன்சூர். கம்லாவின் தந்தை ஷேக் எல் அரப். அவன் தந்தையும் மன்சூர்தான். இன்னொரு 6.25. இரண்டும் சேர்ந்து 12.5, இப்போது தாய்மாமனுக்குக் கட்டிவைத்த அளவுக்கு வந்துவிட்டோம். இன்னும் பின்னால் போனால் மேலும் ஏறும். ஹத்பான் என்ஸாஹி நன்றாகத்தான் இருந்தான், மார்பாக்கில் நல்ல பெயரும் எடுத்தான். ஆனால் நல்லதை இரட்டிப்பாக்கும் அதே வழி, ஒளிந்திருக்கும் கெட்டதையும் இரட்டிப்பாக்கும். அடிவரியை மட்டும் படிக்கிறவருக்கு இந்த 12.5 கண்ணில் படாது, ஏனென்றால் அது பக்கவாட்டில் ஓடுகிறது.

அரபுக் குதிரைகளில் ஸிட் என்ற நோய் எதிர்ப்புக் குறைபாடு உண்டு. குட்டி பிறக்கும்போது நன்றாக இருக்கும், சில மாதங்களில் ஏதாவது தொற்று வந்து இறந்துபோகும். தந்தை, தாய் இருவரும் அந்த மரபணுவைச் சுமந்தால் நான்கில் ஒரு குட்டிக்கு ஆபத்து. காரணமான மரபணுப் பிழை 1997இல் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்க அரபுக் குதிரைகளில் சுமார் 8 சதவீதம் அதைச் சுமப்பதாக அடுத்த ஆண்டு வந்த ஆய்வு சொன்னது. சுமக்கும் குதிரைக்கு வெளியே ஒரு அறிகுறியும் இருக்காது. சிறுமூளை பாதிக்கும் சி.ஏ., வெளிறிய நிறத்தோடு பிறந்து எழுந்து நிற்க முடியாமல் போகும் லாவெண்டர் குட்டி நோய், இவையும் இதே விதத்தில்தான் வருகின்றன. எந்த மூலத்தாய் கொண்டுவந்தாள் என்று ஆராய்ந்து அவளைத் திட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. சுமக்கும் குதிரையை ஒதுக்கித் தள்ளவும் வேண்டாம்; சுமக்காத இணையோடு சேர்த்தால் நோயுள்ள குட்டி பிறக்காது. பிடரி மயிரை வேரோடு கொஞ்சம் பிடுங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினால் பதில் வந்துவிடும். பொலிக்கும் பெண்குதிரைக்கும் அந்தப் பதில் வந்த பிறகு இணைசேர்க்கும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.